பொங்கியண்ணன் எனும் பேரினம்

ஓடக்காட்டுப்புதூரில் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டமன்ற உறுப்பினர் பொங்கியண்ணன் வந்துதான் பேர் வைக்க வேண்டும் என்று ஆகியிருந்த காலத்தில், அவர் வரும் வரைக்கும் பிள்ளைகள் பேரில்லாமலே குப்புற விழுந்தார்கள், பேரில்லாமலே பல் முளைத்துச் சிரித்தார்கள், சில பிள்ளைகள் பேரில்லாமலே ஓடிப்போய் அடுத்த வீட்டுக் கோழியை விரட்டவும் செய்தார்கள். கடைசியில் ஏதாவதொரு கல்யாண மண்டபத்திலோ தண்ணீர்த்தொட்டித் திறப்பிலோ அவர் மேடையேறியதும், கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி வரும் பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, அத்தையோ தாய்மாமனோ செய்ய வேண்டியதை அவரே செய்தார், அதாவது குனிந்து அதன் காதில் மூன்று முறை பேரைச் சொன்னார். ஆணுக்கு இரண்டு பேர், பெண்ணுக்கு இரண்டு பேர், அவ்வளவுதான் அவர் கைவசம் இருப்பு. பெண் பேர் இரண்டில் ஒன்று கட்சித் தலைவரின் தாயாருடையது, மற்றது தலைவரின் துணைவியாருடையது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு பேரைக் கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நின்றது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

ஊருக்கு வடக்கே, ஓடையைத் தாண்டி, மலர்ப்பயிர் ஆராய்ச்சி நிலையம் என்றொரு ஓட்டுக் கட்டடம் உண்டு. அங்கே மீனலோசனி என்ற பெண்மணி மண்ணைச் சலித்து, சலித்த மண்ணில் நெளிவதையும் ஊர்வதையும் உருப்பெருக்கியில் பார்ப்பதே வேலையாக இருந்தார். எங்கள் ஊர் சம்பங்கி ஊர். சம்பங்கியின் வேரில் நூற்புழு புகுந்து முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டால் செடி மஞ்சளாகிப் படுத்துவிடும், மருந்து ஊற்றினால் புழுவுக்கு முன்னால் மண் செத்துவிடும். அந்த நூற்புழுவைப் பிடித்து உறிஞ்சித் தின்கிற ஒரு மண்பேனை மீனலோசனி கண்டுபிடித்திருந்தார். கடுகைப் பத்தாக உடைத்தால் அதில் ஒரு துண்டளவு இருக்கும், துரு நிறம், எட்டுக் கால், சிலந்திக்குப் பங்காளி முறை. உலகத்தில் இதுவரை பேர் வைத்திருக்கும் மண்பேன்களோடெல்லாம் முதுகு ரோமத்தையும் இடுக்கிப் பல்லையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இது எதனோடும் சேராத தனிப் பேரினம் என்று முடிவுக்கு வந்தார். பேரினம் என்றால் என்னவென்று கேட்ட விவசாயிகளிடம், அது ஒரு குலம் மாதிரி, அதற்குள் இருக்கிற இனங்கள் அந்தக் குலத்து வீடுகள் மாதிரி என்று விளக்கப்போய், அடுத்த நொடியே அதற்காக வருந்தினார். ஏனென்றால் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலாக, எந்தக் குலமுங்க, கோயில் எங்கே இருக்குதுங்க என்று கேட்டார்கள்.

அந்தப் பேரினத்துக்கு அவர் ஒரு பேரை யோசித்து வைத்திருந்தார். முதுகில் குட்டை ரோமம் உடையது என்று கிரேக்கத்தில் பொருள் தருகிற, யாரையும் புகழாத, யாரையும் சீண்டாத பேர். ஆனால் நிலையத் தலைவருக்கு வேறு கவலை இருந்தது. நிலையத்தை மூடி மாவட்டத் தலைநகரில் இருக்கும் பெரிய நிலையத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு; அதைத் தடுக்கக்கூடிய வாய் இந்தத் தொகுதியில் ஒன்றே ஒன்றுதான். ஆகவே விவசாயிகள் தினத்தன்று, மீனலோசனியைக் கேட்காமலே, மண்பேனை ஒட்டிய கண்ணாடிச் சில்லை வெற்றிலை, மஞ்சள், பூவோடு தாம்பாளத்தில் வைத்து மேடைக்குக் கொண்டுபோய், ஐயாதான் இதுக்கும் பேர் வெக்கோணும் என்று நீட்டிவிட்டார்.

பொங்கியண்ணனுக்கு மடி தானாக விரிந்தது. சில்லை எடுத்து வேட்டியில் கிடத்திக்கொண்டு, கை பழக்கத்தில் காதைத் தேடினார்.

"ஆணா, பொண்ணா?" என்று கேட்டார்.

"பெண்ணுங்க," என்றார் மீனலோசனி. "ஆண் இன்னும் கிடைக்கலை."

பொங்கியண்ணன் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். தலைவரின் தாயார் பேரைப் பேனுக்கு வைத்த செய்தி சாயங்காலத்துக்குள் தலைநகரம் போய்விடும். துணைவியார் பேரை வைத்தால் சாயங்காலம் வரைகூட ஆகாது. ஆண் பேர் இரண்டும் தலைவருடைய மகன்களின் பேர். மைக் காத்திருந்தது, தவில் காத்திருந்தது, தாம்பாளத்தைப் பிடித்திருந்தவருக்குக் கை வலித்தது. நெற்றியில் வியர்த்த அந்த மனிதருக்கு, உலகத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளாத பேர் ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. குனிந்து, சில்லுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், பொங்கியண்ணன், பொங்கியண்ணன், பொங்கியண்ணன் என்று மூன்று முறை சொன்னார். மேசையின் ஓரத்தில், காட்சிக்கு வைத்திருந்த சம்பங்கிப் பாத்தி மண், உயிரோடிருக்கும் பேன்களோடு, ஒரு தொட்டி நிறைய இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மீனலோசனி இரண்டு நாள் பேர் வைக்கும் விதிநூலைப் புரட்டினார். அப்புறம், விலங்குகளுக்குப் பேர் வைக்கும் உலகத்தில் ஆளின் பேரை வைப்பதும் விதிக்கு உட்பட்டதுதான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, பேருக்குப் பின்னால் 'லேலாப்ஸ்' என்று ஒரு வாலை ஒட்டினார். துரத்திய இரையைத் தப்பவிடாத ஒரு கிரேக்கப் புராண வேட்டைநாயின் பேர் அது. இரைபிடிக்கும் மண்பேன்களுக்கு அந்த வாலை ஒட்டுவது அவர்கள் தொழிலில் வழக்கம். பொங்கியண்ணலேலாப்ஸ் என்ற பேர் ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் அச்சேறியது. ஊரில் வைத்த பிளக்ஸில் நாயை விட்டுவிட்டு, 'மண்ணுக்கு மேலும் எங்கள் அண்ணன், மண்ணுக்குக் கீழும் எங்கள் அண்ணன்' என்று மட்டும் போட்டார்கள். உடனே கட்சிக்காரர்கள் நிலையத்துக்குப் படையெடுத்தார்கள். பேரினம் அண்ணனுக்கு என்றால் அதற்குக் கீழே இருக்கும் இனங்கள் நிர்வாகிகளுக்குத்தானே வரவேண்டும் என்பது அவர்கள் நியாயம். அந்தப் பேரினத்தில் மூன்று இனம் இருப்பதாக மீனலோசனி வாய்தவறிச் சொல்லிவிட, ஒன்றியச் செயலாளர் முதல் இனத்தையும் நகரச் செயலாளர் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் தன் இனத்துக்கு நகரத்தின் இனத்தைவிட முதுகில் ரோமம் குறைவு என்று தெரிந்ததும் ஒன்றியம் கோபித்துக்கொண்டு போனது. மூன்றாவது இனத்தை மகளிரணிக்கு ஒதுக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

சந்தைப்பேட்டைத் திடலில் பொதுக்கூட்டம். ஒலிபெருக்கியில் ஒருவர் பொங்கியண்ணன் என்று தொடங்க, கூட்டம் வாழ்க என்று முடிக்க, மறுபடி பொங்கியண்ணன், மறுபடி வாழ்க என்று போய்க்கொண்டிருக்கையில், திடல் மண் துருப்பிடித்தாற்போல நிறம் மாறியது. அந்தத் துரு நகர்ந்தது, மேடைப் படிக்கட்டில் ஏறியது, ஜமுக்காளத்தின் மேல் இன்னொரு ஜமுக்காளம் விரித்தாற்போலப் பரவி, நாற்காலிக் கால்களைச் சுற்றி வந்து, அப்படியே நின்றது. யாரையும் கடிக்கவில்லை. கூப்பிட்டார்களே என்று வந்த விருந்தாளிகள், யார் கூப்பிட்டது என்று தெரியாமல் வாசலில் நிற்பார்களே, அந்த மாதிரி நின்றன. கூப்பிடுவது நின்று கொஞ்ச நேரமானதும், இலை போடவில்லை என்று புரிந்துகொண்டவை போல இறங்கி மண்ணுக்குள் போயின.

பேர் சொன்னால் வருகிறது, அவ்வளவுதானே என்றார்கள் எங்கள் ஊரில். நாய் வருகிறது, மாடு வருகிறது, சொல்லிவிட்டால் ஓடுகிற பஸ்கூட நிற்கிறது, பேன் வந்தால் என்ன. எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான் டீக்கடையில் தகராறு நடந்தது. பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் தெளிவாயின. வாழ்கவுக்கும் ஒழிகவுக்கும் அவை வேறுபாடு காட்டவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் ஒழிக போட்டுப் பார்த்ததில் அவர்கள் செருப்பையும் அதே மரியாதையோடு சூழ்ந்துகொண்டன. மாண்புமிகு, எழுச்சி நாயகர், மண்ணின் மைந்தர் என்ற பட்டங்களுக்கு ஒரு பேன்கூடத் தலை நீட்டவில்லை. பேருக்குப் பின்னால் அவர்கள் என்று சேர்த்தால் தயங்கித் தயங்கி வந்தன. ஏ பொங்கியண்ணா என்று அதட்டினால் உடனே வந்தன. காது எங்கே இருக்குதுங்க என்று கேட்டவர்களிடம், காது கிடையாது, முன்னங்கால் நுனியில் சில ரோமங்கள் உண்டு, அதுக்கு உலகமே அதுதான் என்றார் மீனலோசனி. பேனுக்கே பேர் தெரிகிறபோது பெத்த பிள்ளைக்குத் தெரிய மாட்டேங்குதே என்று ஒரு தகப்பன் பெருமூச்சு விட்டார். இனங்களை வாங்கிப் போயிருந்த நிர்வாகிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, தங்களுக்கு இந்தக் கௌரவமெல்லாம் வேண்டாம், எளிய தொண்டனாகவே இருந்துகொள்கிறோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

விவசாயிகளுக்கு இந்த விஷயத்தின் சூட்சுமம் முதலில் பிடிபட்டது, செம்மாயி என்ற பெண்ணால். அவள் புருசன் நட்டிருந்த சம்பங்கி நூற்புழுவில் பாதி போயிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் பாத்தி ஓரமாக நின்று, பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் பொங்கியண்ணா, ஏ பொங்கியண்ணா என்று வரிசை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். துரு எழும்பி வந்தது, கூப்பிட்ட இடத்தில் சாப்பாடு இருப்பதைக் கண்டது, அங்கேயே இறங்கிவிட்டது. அடுத்த பூப்பில் அவள் தோட்டத்துச் சம்பங்கிக் கதிர் ஆளுயரம் நின்றது. அதற்குப் பிறகு ஊரில் வெயில் தாழ்ந்ததும் எந்தப் பக்கம் காதைத் திருப்பினாலும் பொங்கியண்ணா, பொங்கியண்ணா என்று பெண்களின் குரல்தான். குரல் நன்றாக இருக்கிறவர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. பெண் பார்க்கப் போகிற இடத்தில், பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, கூப்பிடத் தெரியுமா என்று கேட்டார்கள். தையற்கடை பொங்கியண்ணன், மளிகைக்கடை பொங்கியண்ணன் எல்லாரும் சத்தமில்லாமல் டெய்லர் என்றும் மளிகை என்றும் ஆகிப்போனார்கள். ஊர் செழித்தது.

ஒருவர் மட்டும் வாடினார். பேரைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த மனிதர் அவர். சுவரில் எழுதியது கணக்கில்லை. வாயால் சொல்லக் கேட்க வேண்டும் அவருக்கு. இப்போது கூட்டத்தில் அவரை அறிமுகப்படுத்துகிறவர் மண்ணின் மைந்தர் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறார். தொண்டர்கள் கையை உயர்த்தி வாழ்க என்கிறார்கள், யார் என்பதைச் சொல்லாமல். யாரோ வாழட்டும் என்று பொதுவில் போகிற அந்த வாழ்கவைக் கேட்கும்போதெல்லாம் தன் காரில் வேறு ஒருவர் ஏறிப் போவதைப் பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு. தோட்டங்களின் வழியே கார் போகையில் கண்ணாடியை ஏற்றச் சொன்னார். நாலா பக்கமும் அவர் பேர்; ஒன்றுகூட அவருக்கில்லை.

ஒருநாள் மீனலோசனியிடம் தனியாக வந்தார்.

"டாக்டரம்மா, வெச்சவன் நானு. நானே எடுத்துக்கறனுங். எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

"வெச்சவங்க எடுக்க முடியாதுங்கய்யா. தப்பா வெச்சிருந்தாலும், அவசரத்துல வெச்சிருந்தாலும், முதல்ல அச்சுல ஏறின பேர்தான் நிக்கும். நானே நினைச்சாலும் மாத்த முடியாது."

"சட்டசபையில ஒரு தீர்மானம் போட்டா?"

"போடலாம். பேனுக்குத் தெரியாது."

"அந்தப் பூச்சியவே இல்லாமப் பண்ணிப்போட்டா?"

"அது பூச்சி இல்லைங்க, பூச்சிக்கு ஆறு கால்தான். அப்புறம், பூண்டோட அழிஞ்சாலும் அந்தப் பேர் அதுக்குத்தான். செத்துப்போன விலங்கோட பேரை இன்னொன்னுக்குக் குடுக்கற வழக்கம் எங்க உலகத்துல இல்லை."

"அப்ப மனுசன்தான் வேற பேர் பார்த்துக்கோணுமாக்கும்," என்றார் பொங்கியண்ணன், கசப்பாக.

"மனுஷங்களுக்கு அந்த மாதிரி விதியே கிடையாதுங்களே. நீங்க எத்தனை பேர் வேணாலும் வெச்சுக்கலாம்," என்றார் மீனலோசனி. அவர் விதியைத்தான் சொன்னார். அது யோசனையாகப் போய்ச் சேரும் என்று நினைக்கவில்லை.

ஆனால் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் அந்த வாரம்தான் தலைநகரத்திலிருந்து தொலைபேசி வந்திருந்தது. மந்திரிசபையை மாற்றி அமைக்கிறார்கள், அதில் அவருக்கு இடம் உண்டு. வாழ்நாளெல்லாம் கனவில் அவர் சொல்லிப் பார்த்திருந்த வரி ஒன்று உண்டு, பதவியேற்கும் எல்லாரும் சொல்கிற வரி: பேரைச் சொல்லி, எனும் நான் என்று தொடங்கும் உறுதிமொழி. அங்கே பட்டத்தைச் சொல்ல முடியாது. மண்ணின் மைந்தர் எனும் நான் என்று சொன்னால் சிரிப்பார்கள். பேரைச் சொன்னால், பதவியேற்பு நடக்கும் ஆளுநர் மாளிகையின் பூந்தொட்டிகளிலிருந்தும் புல்வெளியிலிருந்தும் என்னென்ன எழுந்து, யார் யாருடைய காலணிகளைச் சூழ்ந்து நிற்கும் என்பதை அவர் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். தலைவர் காலில் ஏறினால் பதவி அன்றைக்கே போய்விடும். பேரை வைத்துக்கொண்டால் பதவி இல்லை, பதவியை எடுத்துக்கொண்டால் பேர் இல்லை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பேர் ராசி பார்க்கிறவர் ஒருவரை வரவழைத்தார். அரசிதழில் வந்தது: பொங்கியண்ணன் ஆகிய நான் இன்று முதல் செங்கதிர்வேந்தன் என்று அழைக்கப்படுவேன்.

அன்று சாயங்காலம் விஷயத்தைத் தன் மனைவி பாவாயம்மாவிடம் சொன்னார். பாவாயம்மா பழைய வழக்கத்தில் வளர்ந்தவர். கட்டினவன் பேரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் புருசன் பேர் கேட்டால் பக்கத்துப் படுக்கைக்காரியைச் சொல்லச் சொல்லுவார். அதனால்தான் ஊரில் எல்லார் தோட்டமும் பூத்தபோது, அந்த வீட்டுக்குப் பின்னால் அவர் ஆசையாக வைத்திருந்த சம்பங்கி மட்டும் மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது. அவரும் கூப்பிட மாட்டார். வேற்று ஆள் யாரும் அந்த மதிலுக்குள் வந்து தன் பேரைக் கூவக் கூடாது என்பது எம்.எல்.ஏ.வின் உத்தரவு.

"அப்ப அந்தப் பேரு இனி உங்களுது இல்லீங்களா?" என்று கேட்டார் பாவாயம்மா.

"இல்ல."

"கவருமெண்டே சொல்லியாச்சுங்களா?"

"அச்சே போட்டாச்சு."

பாவாயம்மா தலையசைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனார்.

பதவியேற்பை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. செங்கதிர்வேந்தன் என்று அறிவித்தபோது, யாரு இது, வேற மாவட்டமா என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். பழைய முகம் எழுந்து வந்து நின்றது. வாய் தவறிப் பழைய பேரைச் சொல்லிவிடுவாரோ என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முதல் எழுத்துக்கு அவர் உதடு ஒட்டியது, ஒட்டினது பிரிய ஒரு கணம் ஆனது, அப்புறம் செங்கதிர்வேந்தன் எனும் நான் என்று பிசகாமல் சொல்லிவிட்டார். ஊருக்கு ஏமாற்றமாக இருந்தது. யாரோ ஒருத்தர் மந்திரியாயிட்டாங்க என்று சொல்லிவிட்டு, பால் கறக்க நேரமானவர்கள் எழுந்து போனார்கள்.

மந்திரி ஊருக்கு வந்தபோது வரவேற்பு பலமாகத்தான் இருந்தது. ஆனால் புதுப் பேர் இன்னும் யார் வாயிலும் பழகவில்லை. கோஷம் போட வந்தவர் உள்ளங்கையில் எழுதிவைத்திருந்ததை வியர்வை அழித்துவிட்டது. மேடையில் ஒரு பெண் பிள்ளையை நீட்டினாள், மந்திரி பேர் வைக்க வாயெடுத்தார், அதற்குள் அவள், பேரெல்லாம் நாங்களே வெச்சுட்டமுங்க, நீங்க சும்மா தூக்கிக் குடுத்தாப் போதும் என்றாள். தூக்கிக் கொடுத்தார். மாலை போட வந்த விவசாயி ஒருவர், ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்ட மந்திரியிடம், பொங்கியண்ணன் புண்ணியத்துல எந்தக் குறையும் இல்லைங்க, அந்தப் பேர் நூறு தலைமுறைக்கு இருக்கோணும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மந்திரியும் பதிலுக்குக் கும்பிட்டார். அவர் கும்பிட்டது ஏன் என்று விவசாயிக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காவலர்களை வாசலோடு நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். கூடத்தில் யாரும் இல்லை, அடுப்படியில் யாரும் இல்லை. சட்டையைக் கழற்றப் போனவர் அப்படியே நின்றார். பின்கட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், முதலில் தொண்டைக்குள்ளேயே, தண்ணீரின் ஆழம் பார்க்கிற கால் மாதிரி, பொங்கியண்ணா என்றது. நிறுத்தியது. யாரும் திட்டவில்லை, வானம் இடிந்து விழவில்லை என்று கண்டுகொண்டு இன்னும் கொஞ்சம் வாய்விட்டு, பொங்கியண்ணா, ஏ பொங்கியண்ணா என்றது.

அவருடைய பேரை மைக் சொல்லியிருக்கிறது, திடல் சொல்லியிருக்கிறது, நோட்டீஸ் ஒட்டிய ஆட்டோக்கள் தெருத்தெருவாகச் சொல்லிப் போயிருக்கின்றன. கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்த அந்தக் குரல் மட்டும் சொன்னதில்லை. அது இத்தனை எளிதாக, நாவில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டாற்போல அந்தப் பேரைச் சொல்லும் என்று அவருக்குத் தெரியாது. மந்திரி என்பது மறந்துபோய், செங்கதிர்வேந்தன் என்பது மறந்துபோய், பின்கதவைத் தள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் பாத்தி ஓரத்துக்கு வந்து, "என்ன புள்ள?" என்றார்.

பாவாயம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, செடியின் அடியில் மண் நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை இல்லீங்க," என்றார். சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.